காலரா முகாமில் இருவர்

இராமலிங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மியூசியம். பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸில் குடியிருந்த மற்ற ரயில்வேக்காரர்களுக்குக் கோயில், கள்ளுக்கடை, பந்து விளையாட்டு என்று எத்தனையோ போக்கிடம் இருந்தது. இவன் மட்டும் காலையில் பசியாறிவிட்டு, தலையில் எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி சலவைச் சட்டையில் கிளம்பிவிடுவான். ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. வாரம் முழுக்கத் தண்டவாளத்தோரம் நடக்கிற கால்களுக்கு ஞாயிறன்றும் ஓய்வு கிடையாது. பஸ் ஏறமாட்டான். தேசிய மியூசியம் வரை நடப்பான். அங்கிருந்து வெயிலோடு ரயில் நிலையத்துக்கு வந்து, எதிரே பழைய ஹோட்டல் கட்டடத்தில் இருந்த ஓவியக்கூடத்துக்குள் நுழைவான். அப்புறம் ஆற்றைத் தாண்டிப் போய், கடைவீடுகளின் மாடியில் இருக்கிற சின்னச் சின்ன கேலரிகளில் ஏறி இறங்குவான். "மியூசியத்துல எவளையோ கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான் லா" என்று பக்கத்து வீட்டு வாசு சொல்லிச் சிரிப்பான். இராமலிங்கமும் சிரித்துவைப்பான்.

அவன் தேடியது தன் அப்பாவை.

அப்பா பெயர் சடையன். கேரி தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தபோது லோரியில் ஏற்றப்பட்டவர். அப்போது இராமலிங்கம் வீரம்மாவின் வயிற்றில் இருந்தான். போனவர்களில் மிகச் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். சடையன் திரும்பவில்லை. செத்தார் என்று கண்ணால் கண்டு சொல்ல ஒருவரும் இல்லை. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது; தோட்டத்துக் கூலிக்கு அந்தக் காலத்தில் யார் போட்டோ பிடித்தார்கள்? ஆகவே பெற்ற தகப்பன் கறுப்பா மாநிறமா, மூக்கு நீளமா சப்பையா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் காலம் ஆற்றியிருக்கும். முடியவிடாதவள் வீரம்மா. சாவுச் செய்தி வராதவரை தான் சுமங்கலி என்று சொல்லிவிட்டாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மின்னும் தாலி. வருஷங்கள் போகப் போக அவள் கழுத்துத் தாலிக்கு ஒரு மகிமையே வந்துவிட்டது. சயாமுக்குப் போன புருஷனையே இத்தனை வருஷம் உயிரோடு காக்கிற தாலியாச்சே! கேரி தீவிலும் பண்டமாரானிலும் காப்பாரிலும் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குத்தான் வெற்றிலை பாக்கு வரும். தாலித் தட்டை முதல் ஆளாகத் தொட்டுக் கும்பிட்டுக் கொடுப்பது அவள் கை. மணவறைக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற நிமிர்வைப் பார்த்து, மகனாகப் பிறந்தவனுக்கே சில நேரம் கும்பிடத் தோன்றும்.

அந்தத் தாலி இருக்கும்வரை இராமலிங்கம் தகப்பனுக்குத் திதி கொடுக்க முடியாது. பன்னிரண்டு வருஷம் தாண்டியும் ஆள் வரவில்லை என்றால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்து எல்லாக் கடனையும் தீர்த்துவிடலாம் என்று பண்டாரம் ஒரு முறை வழி சொன்னார். அதைக் கேட்டு வீரம்மா எழுந்து நின்றுவிட்டாள். உசுரோட இருக்கிற மனுஷனுக்கா கொள்ளி வைக்கப் போற, அப்படி வச்சா அந்த நிமிஷமே அவர் எங்க இருந்தாலும் செத்து விழுவார், அந்தப் பாவம் உனக்குத்தான் என்றாள். பண்டாரமே வாயை மூடிக்கொண்டார்.

இராமலிங்கத்துக்கு லேட்டாகத்தான் கல்யாணம். இந்திரா வந்தாள். முதல் குழந்தை பிறக்கும்போதே சத்தமில்லாமல் பிறந்தது. இரண்டாவது, பையன், சிரிக்கப் பழகிய சமயத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். தொட்டிலை அவிழ்த்த அன்று இந்திரா போட்ட சத்தம் இன்னும் அவன் காதில் இருக்கிறது. பிறகு ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: பித்ரு தோஷம், தகப்பன் ஆவி தண்ணிக்கும் எள்ளுக்கும் அலையுது, அதற்கு வழி பண்ணாமல் இந்த வீட்டில் பிள்ளை நிலைக்காது. மாமியாரிடம் இந்திரா ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரியில் புருஷனிடம் அழுதாள். எண்பத்தாறில், முப்பத்தைந்து வயதில், அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தபோது அவன் ஞாயிற்றுக்கிழமை நடை வெறி பிடித்ததாக மாறிவிட்டது. செத்ததற்கு ஒரு சாட்சி வேண்டும். ஒரு போட்டோ, ஒரு படம், அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட ஏதாவது ஒன்று. இந்தப் பிள்ளை பிறக்கிறதுக்குள்.

மியூசியத்துக் காவல்காரர்களுக்கெல்லாம் அவனை அடையாளம் தெரியும். "சியாம் காம்பார் அடா, பாங்?" என்று, சயாம் படம் ஏதும் உண்டா என அவன் கேட்பதற்கு முன்பே, இல்லை என்று கையை ஆட்டிவிடுவார்கள். அங்கே ராஜாக்கள் இருந்தார்கள், கிரிஸ் கத்திகள் இருந்தன, மெழுகு மாப்பிள்ளையும் மெழுகுப் பெண்ணும் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பான் வாள் ஒன்றும் இருந்தது, துடைத்து எண்ணெய் போட்டு. அந்த வாளுக்குப் பயந்து லோரி ஏறினவர்களைப் பற்றி மட்டும் ஒரு மூலையிலும் ஒன்றும் இல்லை. இதைப் பார்க்கத்தானா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று சில வாரம் அவனுக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அடுத்த ஞாயிறு போவான்.

அப்படித்தான் ஒரு நாள், மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் புதுக் கண்காட்சி என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து ஏறினான். யுத்தக் கைதியாக சயாமில் கிடந்த ஓர் ஆஸ்திரேலியக்காரன் திருட்டுத்தனமாக வரைந்த படங்களாம். அவன் செத்துப்போய், மகள் எடுத்துவந்து மாட்டியிருந்தாள். மேஜையில் இருந்த சீனப் பெண் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுத் தன் பத்திரிகைக்குத் திரும்பிக்கொண்டாள். கரிக்கோலும் பென்சிலும்தான் எல்லாம். மூங்கில் பாலம், மழை, கோவணம் கட்டிய வெள்ளைக்கார எலும்புக்கூடுகள். இராமலிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசிச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த படத்துக்கு முன்னால் அவன் கால் நின்றது.

ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை. அதன் கீழே ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் தலை வைத்து இன்னோர் ஆள் கிடக்கிறான். வாய் திறந்து, கண் பாதி மூடி, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய. காலரா முகாம், தமிழ்க் கூலிகள் இருவர் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. மடியில் கிடந்தவனை இராமலிங்கம் முதலில் பார்க்கவே இல்லை. அவன் பார்த்தது உட்கார்ந்திருந்தவனை. அந்த ஆளின் மேல் உதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

மாணிக்கம் மாமா.

பிறவியிலேயே உதடு பிளந்த மாணிக்கம், சயாமிலிருந்து கேரி தீவுக்குத் திரும்பி வந்தவர்களில் ஒருவர். இராமலிங்கம் பிள்ளையாய் இருந்த நாள் முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வருவார். லயத்து வாசலில் உட்கார்ந்து, கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு, அதிகம் பேசாமல் போய்விடுவார். அப்பாவைப் பற்றி எத்தனையோ தடவை அவன் கேட்டிருக்கிறான். எப்போது கேட்டாலும் ஒரே பதில்: ரயிலை விட்டு இறங்குகிற இடம் வரைக்கும் ஒண்ணாத்தான் போனோம், அங்க ஆளாளுக்குப் பிரிச்சுட்டான், அதுக்கப்புறம் உங்கப்பன நான் பாக்கல. சாகிற வரைக்கும் அந்தச் சொல் மாறவில்லை. அவர் செத்தும் நாலைந்து வருஷம் ஆகிவிட்டது.

பிறகுதான் மடியில் கிடந்தவனின் முகத்தைப் பார்த்தான். தாடை, மேடான நெற்றி, விடைத்த காது. காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் பார்த்த முகம். தகப்பனைக் கண்டுபிடித்தவன் சந்தோஷப்பட வேண்டும், இல்லை அழ வேண்டும். அவனுக்கு வந்தது கோபம். மடியில் போட்டு அனுப்பிவைத்த ஆளா என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே பார்க்கவில்லை என்று சொன்னான்? எதற்குச் சொன்னான்? சுமங்கலியாக இருக்கிற சின்ன வயசுப் பெண் வீட்டுக்கு வருஷா வருஷம் எதற்கு வந்தான்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனவன் வேறு நூறு கேள்வியோடு படியிறங்கினான்.

இந்திராவிடம் அன்றே சொல்லிவிட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள், வந்தாலும் இல்லையென்று சாதித்துவிடுவாள் என்று நினைத்தான். எதிர்பாராமல் அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, முகம் என்ன ஆகிறதென்று பார்க்க வேண்டும். பெற்றவளுக்குப் பொறி வைக்கிறோமே என்று ஒரு நேரம் உறுத்தியது. இந்திராவின் வயிற்றைப் பார்த்ததும் அந்த உறுத்தல் அடங்கியது.

அடுத்த ஞாயிறு மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். வீரம்மாவுக்கு ஒரே குஷி. நாலு வருஷமாக மகன் வீட்டில் இருந்தும் கோயிலையும் பாசார் சந்தையையும் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை. அரக்குச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, நடையில் மருமகளை முந்திக்கொண்டு போனாள். டாக்சி பிடிக்கட்டுமா என்றதற்கு, பால்வெட்டுக்காரிக்கு இதெல்லாம் ஒரு நடையா, புள்ளத்தாச்சி வேணும்னா ஏறிக்கட்டும் என்று கேலி பண்ணினாள். இந்திரா நடந்தே வந்தாள்.

தேசிய மியூசியத்தின் வாசலில் வீரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். போட்டுக்கொண்டு வரலாம் என்று காவல்காரர் மலாயில் சொன்னார். உள்ளே சாமி இருக்குமே என்றாள் அவள். இருக்கத்தான் செய்தது, பூமியிலிருந்து தோண்டியெடுத்த ஏதோ ஒரு பழைய சிலை. அதன் முன்னால் கண்ணை மூடி நின்று, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெழுகுப் பெண்ணின் கன்னத்தைத் தொடப் போய்த் திட்டு வாங்கினாள். ராஜா வீட்டுத் தொட்டிலைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒண்ணு செய்யச் சொல்லணும் என்று மருமகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். இராமலிங்கத்துக்கு அந்த நிமிஷமே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. இத்தனை சந்தோஷமாக அம்மாவை அவன் பார்த்து வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் முன்னால் நடந்து வழி காட்டிக்கொண்டிருந்தவன் நிற்கவில்லை.

ரயில் நிலையத்து எதிரே இருந்த ஓவியக்கூடத்தில் அவள் சீக்கிரம் சலித்துப்போனாள். கொட்டிப்போன சாயத்தையெல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே என்றாள். வெளியே மரத்தடியில் ஒரு கச்சான்காரரிடம் கடலைப் பொட்டலம் வாங்கிக் கொறித்துக்கொண்டே ஆற்றைக் கடந்தார்கள். கடைவீட்டுப் படி செங்குத்தாக இருந்தது. கீழ்ப்படியில் செருப்பை விட்டுவிட்டு, முட்டியில் கை ஊன்றி ஏறினாள்.

உள்ளே நுழைந்து இரண்டு படம் பார்ப்பதற்குள் அவள் கொறிப்பது நின்றுவிட்டது. எந்தச் சுவர் என்று இராமலிங்கம் கையைக்கூடக் காட்டவில்லை. அவள் பாட்டுக்கு நடந்தாள், மூங்கில் பாலத்தைக் கடந்து, மழையைக் கடந்து. கடைசிச் சுவருக்கு வந்தாள். பொட்டலம் கையிலிருந்து நழுவி, கச்சான் தரையெல்லாம் உருண்டது. அவள் குனியவில்லை. படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. முந்தானையால் வாயைப் பொத்தினாள், எடுத்தாள்.

"மடியிலதான் போனார்னு சொன்னான்" என்றாள். "நான் அழுவக் கூடாதுன்னு பொய் சொல்றான்னு நெனச்சேன். நெசமாவே மடியிலதான் போட்டிருக்கான்."

இராமலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அந்த மேஜைக்காரப் பெண் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?"

தெரியும் என்றாள். வெள்ளைக்காரன் திரும்பி வந்த வருஷமே தெரியும். மாணிக்கம் நடக்க மாட்டாமல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அன்று, வேறு எவரிடமும் போகாமல் நேரே அவளிடம்தான் வந்து சொன்னான். மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டது அவள்தான்: சாகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. அவன் திறக்கவில்லை. அவன் மேல தப்பா எதையும் நெனைக்காத, ஒரு நாள் கைய நீட்டிப் பேசினதில்ல என்றும் சொன்னாள், மகன் மனசில் ஓடியதைப் படித்தவள் மாதிரி.

படியிறங்கி வந்து ஐந்தடி நடைபாதையில் மூடியிருந்த ஒரு கடையின் வாசலில் உட்கார்ந்தார்கள். பஸ்கள் புகையைக் கக்கிக்கொண்டு போயின. ஏன் என்று அவன் கேட்டான். அதற்கு அவள் சொன்னதுதான் அன்றைக்கு அவள் நீளமாகப் பேசிய பேச்சு.

"அப்ப எனக்கு இருவது வயசு தாண்டி ஒண்ணோ ரெண்டோ. நீ மடியில. சயாம்ல புருஷன் செத்துட்டான்னு தெரிஞ்சு பொட்டழிச்சவங்க நம்ம லயத்துல எத்தன பேரு தெரியுமா? ராத்திரியானா வேல வாங்குற மண்டோரு வந்து கதவத் தட்டுவான். அவன் போனா கணக்கெழுதுற கிராணி. தொறக்கலன்னா மறுநாள் வேலைக்குப் பேரு கெடையாது, அரிசி கெடையாது. என் கதவ எவனும் தட்டல. இவ புருஷன் என்னிக்காச்சும் வந்து நிப்பான்னு ஒரு பயம். செத்துப்போன மனுஷன் எனக்குக் காவல் நின்னார்டா. அத நான் எப்படிக் கழட்டுவேன்?"

சரி, அப்புறம்? மண்டோரும் கிராணியும் செத்து மண்ணாகிப் போன பிறகு? தான் வளர்ந்து சம்பாதித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு? அவன் விடாமல் கேட்டான். அதற்குள் கலியாணங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள். முதல் தடவை தாலித் தட்டை நீட்டினபோது பின்னால் நகர்ந்தாள். தொடமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தொட்டாள். அந்தப் பெண் நல்லா வாழ்ந்தாள். அடுத்ததும் கூப்பிட்டார்கள். இப்போது போய் நான் அறுத்தவள் என்று சொன்னால், நான் தொட்டுக் கொடுத்த தாலிக்கெல்லாம் யார் பதில் சொல்வது? அந்தப் பெண்களில் எவளுக்காவது புருஷன் போனால், அது என் கையால்தான் என்பார்களே. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இந்திரா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என் ரெண்டு புள்ளைங்க, அத்த?"

வீரம்மாவும் அந்த ஜோசியரை நம்புகிறவள்தான். வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பை எடுத்து மாட்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. இராமலிங்கமும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு டாக்சியில் போனார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கதவோரம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரையில் காரியம் நடந்தது. வீரம்மா தடுக்கவில்லை. அவளே முன் நின்று எள் எங்கே, தர்ப்பை எங்கே என்று பண்டாரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். தர்ப்பையால் செய்த சடையனுக்கு மகன் கொள்ளி வைத்தான். கண்ணால் ஒரே ஒரு படத்தில் பார்த்த அப்பாவுக்காக அவன் வாய்விட்டு அழுதான். நாற்பத்து மூன்று வருஷத்து அழுகை. மடியில் கிடந்த அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தபோது நெஞ்சு லேசாயிற்று. உண்மைதான், அந்த ஒரு நாள் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. வீரம்மா கடலுக்குள் இடுப்பளவு இறங்கி நெற்றியைக் கழுவினாள். வேறு யாரையும் தொடவிடாமல் தானே தாலியைக் கழற்றிப் பால் சொம்புக்குள் போட்டாள். கரைக்கு வந்தபோது அவள் ஒரு சுற்று இளைத்துத் தெரிந்தாள். கழுத்தில் அந்தக் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அத்தனை வருஷமும் அவள் அறுத்தவள்தான் என்ற சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பண்டமாரானில் அவள் தொட்டுக் கொடுத்துக் கலியாணமான ஒரு பெண்ணின் மாமியார் வீடு தேடி வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். மற்றவர்கள் வரவில்லை. வெற்றிலை பாக்கும் வரவில்லை. வீரம்மா நிறம் போன ஒரு பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு அடுப்படியே கதியென்று கிடந்தாள். இந்திராவுக்குக் காலையில் பத்தியக் கஞ்சி, இரவில் கால் பிடிப்பது, எல்லாம் அவள்தான். இந்திரா வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம் பார்த்துப் பேசவும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் இந்திராவுக்கு வலி எடுத்தது. வாசு ஓடிப்போய் டாக்சி கொண்டுவந்து நிறுத்தினான். இராமலிங்கம் மனைவியைத் தாங்கி வாசல் வரைக்கும் கூட்டி வந்தான். அதற்குள் வீரம்மா ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் துணி மூட்டையுமாகப் பின்வாசல் வழியே சுற்றிக்கொண்டு ஓடி வந்து எதிரே நின்றாள். பிரசவத்துக்குக் கிளம்புகிறவளுக்கு எதிரே வந்து நிற்பது எத்தனை வருஷப் பழக்கம்! தோட்டத்தில் அவளை வேலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தெல்லாம் நிறுத்துவார்கள். நெற்றி வெறுமையாக இருப்பதை அவள் அந்த அவசரத்தில் மறந்துவிட்டாள்.

இந்திரா படியில் நின்றுவிட்டாள். வலி இடுப்பைப் பிளக்கிறது, கால் எடுத்து வைக்கவில்லை. புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். தொட்டிலை அவிழ்த்த அன்றைக்குப் பார்த்த பார்வை.

"அம்மா, நீ கொஞ்சம் உள்ள போயி இரு" என்றான் இராமலிங்கம்.

வீரம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பிளாஸ்க்கையும் மூட்டையையும் கீழே வைத்தாள். வந்த வழியே சுற்றிக்கொண்டு போய், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் இந்திரா படியிறங்கினாள்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல அழுகை. பிறந்த வேகத்தில் கத்தின கத்தலில் நர்ஸே சிரித்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: பாத்தியா, தகப்பனுக்குத் திதி குடுத்ததும் புள்ள தங்கிருச்சு. ஜோசியருக்கு வேட்டி துண்டு போனது. இராமலிங்கமும் அதையே நம்பினான். நம்பும்போதே அதன் மறுபக்கமும் நெஞ்சில் இடித்தது. இந்தக் குழந்தை உயிரோடு இருப்பதே அம்மாவுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. இனி முந்தின இரண்டுக்கும் அவள்தான் பொறுப்பு. யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று வாசுவின் மனைவி தெய்வானை ஆரத்தி எடுத்தாள். வீடு நிறையப் பெண்கள். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. எல்லாரும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டதும் இராமலிங்கம் போய்க் கதவைத் தள்ளினான். வீரம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்து பிள்ளையைப் பாரும்மா என்று கூப்பிட்டான். அவங்கல்லாம் போகட்டும் என்றாள். அவன் போகாமல் நின்றான். கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இப்படி ஒரு கதவுக்குப் பின்னால நிக்கக் கூடாதுன்னுதான்டா அத்தன வருஷம் பொய் சொன்னேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஜப்பான்காரன் வந்தான், மண்டோரு இருந்தான், கிராணி இருந்தான். ஒருத்தனாலயும் என்னத் தள்ள முடியல. நீ ஒரு வார்த்த சொன்ன, நானே வந்து நின்னுட்டேன்."

கூடத்திலிருந்து பால் எங்கே என்று யாரோ கேட்டார்கள். வீரம்மா தம்ளர்களில் ஊற்றித் தட்டில் அடுக்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.